கடற்கரையா, பேயா?

2023 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, வேண்டுமென்றே மூன்று தடவை பிழையான பின் நம்பரைப் போட்டேன். மூன்றாவது பிழையோடு அந்தச் சின்னக் கருவி தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டது. பிறகு, இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போல, ஒன்றும் அறியாத பிள்ளையாக என்னை வரவேற்றது. அதுவரைக்கும் எல்லாம் நான் திட்டமிட்டபடிதான். அதற்குப் பிறகு போன ஒன்றேகால் மணித்தியாலத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன கிழமை நண்பி ஒருத்தி, 'நீ ஏதோ ஹார்ட்வெயார் வொலட் வைத்திருக்கிறாயாமே, எப்படி என்று சொல்லித் தா' என்று கேட்டாள். மேலே சொன்ன சின்னக் கருவிக்குத்தான் அந்தப் பெயர், பிட்கொயின் என்ற இணையக் காசைப் பத்திரப்படுத்த உதவுவது. வாட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கினேன், அது நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே எழுதிவிடலாம்.

நான் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். வேலை தருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். பேபாலில் இலங்கையிலிருந்து காசு அனுப்பலாம், வாங்க முடியாது என்ற கதையை வருடக்கணக்காகக் கேட்டு அலுத்தவர்களில் நானும் ஒருத்தி. வங்கி வழியாக வரும் சிறிய தொகையை, நடுவில் நிற்கும் வங்கிகள் ஆளுக்கொரு கிள்ளாகக் கிள்ளி எடுத்துக்கொள்ளும். 2021 இல் பெர்லினிலிருந்து ஒருவர் 'பிட்கொயினாகத் தரட்டுமா?' என்று கேட்டார். யோசிக்காமல் ஓம் என்றேன். அது, பிட்கொயின் வாங்கி விற்கும் ஒரு பரிமாற்றத் தளத்தின் செயலிக்குள் வந்து விழுந்தது. அங்கேயே கிடந்தது. அடுத்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, காஸ் வரிசையில் நின்றபடி அந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல் அடைந்ததும் உண்மை.

2022 நவம்பர் 11ஆம் திகதி எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய பரிமாற்றத் தளம் வங்குரோத்து மனுப் போட்டது. என் காசு அங்கே இல்லை, வேறொரு தளத்தில் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு பழைய கதைகளைத் தோண்டி வாசித்தேன். 2014 இல் மவுண்ட் கொக்ஸ் என்ற ஜப்பானியத் தளம் எட்டரை இலட்சம் பிட்கொயினைக் காணவில்லை என்று சொல்லிக் கையை விரித்திருக்கிறது. அப்போதுதான் உறைத்தது: என் போனில் நான் பார்த்துக்கொண்டிருந்தது காசு இல்லை, 'கேட்டால் தருவோம்' என்று யாரோ சொன்ன வாக்கு. கடைக்காரர் கொப்பியில் நமக்கு வரவேண்டியதை எழுதி வைப்பது போல. கடையையே பூட்டிவிட்டால் கொப்பியை வைத்து என்ன செய்வது?

அம்மாவுக்கு இதை விளக்கப் போய்த்தான் எனக்கே விளங்கியது. அம்மா கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். 'அந்தக் குட்டிச் சாமானுக்குள்ளதான் காசு இருக்கோ?' என்று கேட்டார். இல்லை. பிட்கொயின் எங்கேயும் போய் இருப்பதில்லை. யாரிடம் எவ்வளவு என்ற பேரேடு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் கிடக்கிறது. என் பங்கை அசைக்க ஒரு திறப்பு, அதாவது ஒரு நீண்ட இரகசிய எண், வேண்டும். அந்தத் திறப்பை இணையத்தில் தொங்கும் போனிலோ லப்டொப்பிலோ வைக்காமல் தனியே வைத்திருப்பதுதான் இந்தக் கருவியின் வேலை. 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்ற கட்டளைக்கு உள்ளேயே கையொப்பம் வைத்து, கையொப்பத்தை மட்டும் வெளியே விடும். திறப்பு வெளியே வராது.

'கருவி துலைஞ்சா?'

24 சொல் இருக்கிறது அம்மா. அந்தச் சொற்களிலிருந்துதான் திறப்பே பிறக்கிறது. கருவி கடலுக்குள் விழுந்தாலும் இன்னொன்றை வாங்கி, அந்தச் சொற்களை அதே ஒழுங்கில் போட்டால் எல்லாம் திரும்பி வரும். அதே நிறுவனத்தின் கருவிதான் வேண்டும் என்றும் இல்லை. 2013 இல் வந்த பிப்-39 என்ற பொது ஒழுங்குமுறையை பெரும்பாலான நல்ல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், அதிலிருந்து 24.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு காணி உறுதிக் கதைக்குப் போனார். எங்கள் வீட்டில் எல்லாக் கதையும் கடைசியில் உறுதிக் கதையில்தான் போய் முட்டும். 83 ஜூலைக் கலவரத்தில் அம்மம்மாவின் வெள்ளவத்தை வீட்டில் எரிந்தவற்றில் ஊர்க் காணியின் உறுதியும் ஒன்று. அகதி முகாமில் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறையில் போய் இறங்கியபோது அவரிடம் இருந்தது தாலிக்கொடியும் ஒரு சோடி காப்பும்தான். ஆனால் காணி போகவில்லை. நொத்தாரிசிடம் ஒரு பிரதி இருந்தது, காணிப் பதிவகத்தில் பதிவு இருந்தது. அலைந்து திரிந்து எடுத்துவிட்டார்கள்.

'அப்ப இதின்ர பிரதி எந்த நொத்தாரிசிட்ட இருக்கு?' என்று அம்மா கேட்டார்.

ஒருவரிடமும் இல்லை. அந்த 24 சொல்தான் உறுதி, நான்தான் நொத்தாரிசு, நான்தான் பதிவகம். ஹார்ட்வெயார் வொலட்டைப் பற்றி வாசித்த எந்த விளக்கமும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் பயத்தைத் தரவில்லை.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பேஸ்புக்கில் ஒருவரிடம் விசாரித்தேன். பம்பலப்பிட்டியில் நேரில் தரலாம் என்றார். 'மிஸ், ஒண்டுக்கும் கஷ்டப்படத் தேவையில்லை. எல்லாம் செட் பண்ணி, 24 சொல்லும் கார்டில எழுதியே தருவன்.' அவர் நல்லெண்ணத்தில் சொன்னாரோ என்னவோ, அவரோடு பேச்சை அன்றோடு நிறுத்தினேன். சொற்கள் எழுதியே வருகின்றன என்றால் அதை எழுதியவருக்கும் அவை தெரியும். நான் காசு போடும் வரைக்கும் பொறுத்திருந்து எடுத்துக்கொள்ளலாம். சொற்களைக் கருவிதான் என் கண் முன்னால், அதன் திரையில், முதல் தடவையாகக் காட்டவேண்டும். வேறு எந்த வழியில் வந்தாலும் அது என்னுடையது இல்லை.

லண்டனில் இருக்கும் அண்ணா நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நேரே ஓடர் பண்ணி, டிசெம்பர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தார். லெட்ஜர் என்ற நிறுவனத்தின் நனோ எஸ் பிளஸ். பெட்டியில் முத்திரை ஒட்டியிருக்கும் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கள்ள முத்திரை அடிப்பது சுலபம் என்பதால் அவர்கள் அதை நம்புவதில்லையாம். நிறுவனத்தின் செயலியோடு இணைத்தவுடன், கருவிக்குள் இருக்கும் சிப், தான் அசல் என்று நிரூபிக்கவேண்டும். அந்தச் சோதனையைத்தான் நம்பவேண்டும். அண்ணா இதில் கொஞ்சம் மிகையான ஆள். வீட்டு விலாசம் கொடுக்காமல் வேலைத்தலத்து விலாசத்துக்குத்தான் எடுப்பித்தார். காரணம் இல்லாமல் இல்லை. 2020 இல் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் களவு போய், ஏறக்குறைய 2,72,000 பேரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் டிசெம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. அதற்குப் பிறகு சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே போயிருக்கிறது, 'உங்கள் பழையது பாதுகாப்பில்லை, இதற்கு மாறுங்கள்' என்ற கடிதத்தோடு. கருவி உடைபடவில்லை, விலாசப் புத்தகம்தான் உடைந்தது. அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

அண்ணா திரும்பிப் போன பிறகு, ஜனவரியில் ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கேபிளைக் குத்தினேன், பின் நம்பர் வைத்தேன். நான்கிலிருந்து எட்டு இலக்கம் வரை வைக்கலாம். பிறந்த திகதி வேண்டாம், எட்டையும் வையுங்கள். அப்புறம் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரத் தொடங்கின. நெல்லிக்காய் அளவு திரை. ஒரு சொல், பொத்தானை அமத்து, அடுத்த சொல். பெட்டியில் வந்த அட்டையில் பேனையால் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற அம்மா, 'என்ன பிள்ளை, மந்திரம் எழுதிறியோ?' என்றார். கொஞ்சம் பார்த்துவிட்டு, 'கொண்ணாவுக்கு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில அனுப்பிவிடன், அவனிட்டயும் ஒண்டு கிடக்கட்டும்' என்றார். இதைத்தான் செய்யக்கூடாது. படம் எடுத்த அடுத்த நிமிடம் போன் அதைத் தானாகவே எங்கோ ஒரு சேர்வருக்கு ஏற்றிவிடும். நான் போனை மற்ற அறையில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். லப்டொப்பின் கமராவில் ஒரு பொட்டும் ஒட்டியிருந்தேன், அம்மாவின் பொட்டுப் பக்கெட்டிலிருந்து.

இவ்வளவு கவனமாக இருந்தவள்தான் அடுத்த வேலையைச் செய்தேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் களவு போனால், அட்டையைப் பார்த்தவன் இது என்னவென்று கண்டுபிடித்துவிடுவானே? ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால்? பார்க்கிறவனுக்கு ஏதோ கிறுக்கல் போல இருக்கும். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு, 24 சொல்லையும் தமிழ் எழுத்தில் வடிவாக ஒரு கொப்பித் தாளில் எழுதி, ஆங்கில அட்டையைக் கிழித்துக் குசினியில் எரித்தேன். எழுதிய சொற்களைக் கருவி திருப்பிக் கேட்டது. அப்போது அவை மனதில் பசுமையாக இருந்ததால் சரியாகவே சொல்லிவிட்டேன்.

பரிமாற்றத் தளத்திலிருந்து 20 டொலர் பெறுமதியானதை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். முதல் தடவை எப்போதும் சிறிய தொகைதான். பிட்கொயினில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி பரிமாற்றங்கள் பேரேட்டில் ஏறும். அரை மணித்தியாலத்துக்குள் வந்து சேர்ந்தது. மிச்சத்தை அனுப்ப முதல் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு என்று வாசித்திருந்தேன்: கருவியை வேண்டுமென்றே அழித்துவிட்டு, எழுதி வைத்த சொற்களால் மட்டும் திரும்ப எழுப்பிப் பார்ப்பது. அதற்குத்தான் நான்கு நாள் கழித்து அந்த வெள்ளிக்கிழமை இரவு, மூன்று பிழையான பின்.

தாளை விரித்தேன். கருவியில் இரண்டே பொத்தான். இடது வலது என்று அமத்தி எழுத்துகளைத் தேடவேண்டும், சில எழுத்துப் போட்டதும் அதுவே பொருத்தமான சொற்களைக் காட்டும். 24 சொல்லுக்கும் இருபது நிமிடம் எடுத்தது. கடைசிச் சொல்லைப் போட்டதும், இந்தச் சொற்கள் செல்லாது என்றது.

இருபது டொலர்தான், தெரியும். ஆனாலும் கை வியர்த்தது. ஏதோ எழுத்துப் பிழையாக்கும் என்று தாளை மேலிருந்து கீழே வாசித்தேன். ஏழாவது சொல்லில் கண் நின்றது. 'கார்ட்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எந்தக் கார்ட்? காசு எடுக்கும் அட்டையா, மாடு இழுக்கும் வண்டிலா, வாசலில் நிற்கும் காவலாளியா? மூன்றும் அந்த 2048க்குள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டல், தமிழில் ஒன்று. நமக்குக் க-வும் அதுதான், அந்த மெல்லிய ககரமும் அதுதான், ட்-டும் அதுதான். தொல்காப்பியர் காலத்திலிருந்து ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடிய எழுத்துமுறை, என் சாப்பாட்டு மேசையில் வந்து தடக்கி விழுந்தது.

பத்தொன்பதாவது இன்னும் மோசம். 'கோஸ்ட்.' கடற்கரையா, பேயா? இரண்டுமே பட்டியலில் உண்டு.

(இந்த இரண்டு சொல்லையும் தைரியமாக எழுதுவதற்குக் காரணம், அந்த 24ஐயும் நான் அடுத்த நாளே கைவிட்டுவிட்டேன். பயன்பாட்டில் இருக்கும் சொல் ஒன்றையாவது எவராவது இணையத்தில் எழுதினால் அவருக்கு ஒரு பிளேன் டீ கொடுத்து உட்கார வைத்துப் பேசவேண்டும்.)

மூன்று இரண்டு ஆறு. ஆறு சேர்க்கையில் ஒன்று சரி. அட்டையும் கடற்கரையும் ஏற்கெனவே பிழையாகிவிட்டது. அட்டையும் பேயும் போட்டேன், செல்லாது. வண்டிலும் கடற்கரையும் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு. லப்டொப் பற்றரியில் கருவி உயிரோடு இருந்தது. அம்மா மெழுகுதிரி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் இருந்தார். கீழே மரைன் டிரைவ் இருட்டாகக் கிடந்தது, ஒரு ரயில் மட்டும் வெளிச்சமாகப் போனது. வண்டிலும் பேயும்: செல்லாது. இதற்குள் கை பழகி ஒரு சுற்றுப் பத்து நிமிடத்துக்கு வந்துவிட்டது. ஐந்தாவது சுற்று, காவலாளியும் கடற்கரையும். திரை ஒரு கணம் யோசித்தது. ஏற்றுக்கொண்டது.

'காவல்காரன் கடற்கரையிலதானே நிண்டிருக்கிறான், இதுக்கா இவ்வளவு நேரம்?' என்றார் அம்மா.

அந்த நேரத்தில் எனக்குத் தெரியாத ஒன்றைப் பிறகு வாசித்தேன். கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருக்கிறது, வங்கி அட்டையின் கடைசி இலக்கத்தைப் போல. 24 சொல்லில் ஏதோ ஒன்றை மாற்றிப் போட்டால் அது தற்செயலாகச் சரிபார்ப்பைத் தாண்டும் வாய்ப்பு 256 இல் ஒன்று. 12 சொல் என்றால் 16 இல் ஒன்று. ஆகவே என் ஆறு சேர்க்கையில் ஏற்கப்பட்டது சரியானதாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அந்த 256 இல் ஒன்று நடந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் சுவாரசியம்: கருவி பிழை என்று சொல்லாது. புதிதாக, முழுதாக, வெறுமையாக ஒரு வொலட்டைத் திறந்து காட்டும். உங்களிடம் ஒன்றுமே இல்லை என்று மரியாதையாகச் சொல்லும். பயந்துபோய் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவேண்டியதுதான். அதனால்தான் கருவி முதல் தடவை காட்டும், பிட்கொயின் வந்து சேரும் விலாசத்தின் கடைசி ஆறு எழுத்தைத் தனியே குறித்து வைப்பது நல்லது. நான் வைத்திருந்தேன், ஒத்துப்போனது.

அடுத்த நாள் அண்ணாவுக்கு அழைத்துச் சொன்னேன். 'விசரி. வெள்ளவத்தையில் களவெடுக்க வருகிறவனுக்குத் தமிழ் தெரியாது என்று உனக்கு ஆர் சொன்னது?' என்றார். அதுவும் சரி.

புதுச் சொற்களை உருவாக்கினேன். இந்தத் தடவை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், எந்தக் கெட்டிக்காரத்தனமும் இல்லாமல். இருபது டொலரைப் புது விலாசத்துக்கு மாற்றினேன். மறுபடி அழித்தேன், எழுப்பினேன், வந்தது. அதற்குப் பிறகுதான் மிச்சத்தைக் கொண்டுவந்தேன்.

தாள் எனக்குப் போதவில்லை. கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியும், இரண்டு வருடத்தில் ஜன்னல் கம்பி பொருக்காக உதிரும், அலுமாரிக்குள் இருக்கும் அல்பத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உறுதி எரிந்த குடும்பம் வேறு. இதற்கென்றே எஃகுத் தகடுகள் விற்கிறார்கள், நல்ல விலை. அதைவிட மலிவான வழி ஒன்றை வாசித்து, பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். ஒரு ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் பெரிய ஸ்டெயின்லெஸ் வொஷர் முப்பது, அவை கோர்க்கும் அளவில் ஒரு போல்ட், இரண்டு நட், எழுத்துக் குத்தும் அச்சுப் பெட்டி ஒன்று. கடையில் இருந்த பெரியவர், 'என்ன மகள், சைக்கிளுக்குப் பேர் அடிக்கவா?' என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் முதல் நான்கு எழுத்தை வைத்தே அடையாளம் காணலாம், அப்படித்தான் அதைத் தொகுத்திருக்கிறார்கள். ஆகவே வொஷருக்கு நான்கு எழுத்து, பின்பக்கம் வரிசை எண். எண் முக்கியம், ஒழுங்கு மாறினால் திறப்பும் மாறிவிடும். எதன் மேல் வைத்து அடிப்பது? மாபிள் தரை உடையும். குசினியில் இருந்த அம்மியைத் தூக்கி வந்து கவிழ்த்து வைத்தேன். அம்மாவுக்கு வந்த கோபம் அந்த மூன்று பிழையான பின்னுக்குக்கூட வரவில்லை. கிட்டத்தட்ட நூறு எழுத்து, சிலவற்றுக்கு இரண்டு அடி. இருபதாவது வொஷரில் கீழ்வீட்டு அன்ரி படியேறி வந்துவிட்டார். என்ன சத்தம் என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா கண்ணிமைக்காமல், மிளகாய் இடிக்கிறோம் என்றார். அன்ரி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார்.

கருவி ஓரிடம், வொஷர் மாலை வேறோரிடம். எங்கே என்று எழுதமாட்டேன். எவ்வளவு வைத்திருக்கிறேன் என்றும் எழுதமாட்டேன். யாராவது கேட்டால் 'முந்தி கொஞ்சம் இருந்தது' என்பதே என் பதில். 2025 ஜனவரியில் பிரான்ஸில் லெட்ஜரின் இணை நிறுவனர் ஒருவரையே வீட்டிலிருந்து கடத்திப்போய் விரலை வெட்டினார்கள். பொலிஸார் மீட்டுவிட்டார்கள், சரி. உள்ளே எவ்வளவு நல்ல சிப் இருந்தாலும் விரலுக்கு அது காவல் இல்லை. இந்தப் பதிவே தேவைக்கு அதிகம் என்று அண்ணா திட்டுவார்.

25ஆவது சொல் ஒன்றை நாமே வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. கள்ளனிடம் 24 சிக்கினாலும் அது இல்லாமல் ஒன்றும் செய்யமுடியாது. நல்ல வசதிதான், என்னைப் போல மறதிக்காரிக்கு இல்லை. காசு கட்டினால் உங்கள் திறப்பை மூன்று துண்டாக்கி மூன்று நிறுவனங்களிடம் வைத்திருக்கும் சேவை ஒன்றை லெட்ஜர் 2023 இல் அறிவித்தபோது இணையத்தில் பெரிய சண்டை. அது விருப்பத் தெரிவுதான், கட்டாயமில்லை. நொத்தாரிசு வேண்டும் என்கிறவர்களுக்கு நொத்தாரிசு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஆனால் தாளைத் தொலைத்துவிட்டு நிற்பதை விட அது மேல் என்று சிலருக்குச் சொல்வேன்.

பாவிக்கும்போது எனக்கு ஒரேயொரு வைராக்கியம். லப்டொப் திரை என்ன சொன்னாலும் கருவியின் திரை சொல்வதைத்தான் நம்புவேன். விலாசத்தைக் கொப்பி பண்ணி ஒட்டும் இடைவெளியில் அதைக் கள்ளனின் விலாசமாக மாற்றிவிடும் வைரஸ்கள் இருக்கின்றன. முதல் நான்கும் கடைசி நான்கும் ஒத்த விலாசத்தை உருவாக்கி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஆகவே பிசி1 என்று தொடங்கும் 42 எழுத்தையும் அம்மா தாளிலிருந்து உரத்து வாசிக்க, நான் கருவியில் பார்ப்பேன். வாய்ப்பாடு சொல்வது போல இருக்கும். 2025 பெப்ரவரியில் பைபிட் என்ற பரிமாற்றத் தளத்திலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரை பில்லியன் டொலர் பெறுமதியான ஈதர் (பிட்கொயினைப் போன்ற இன்னொன்று) களவு போனதே, அங்கே கையொப்பம் வைத்தவர்களும் ஹார்ட்வெயார் வொலட் வைத்திருந்தவர்கள்தான். கணினித் திரையில் வழக்கமான பரிமாற்றம் ஒன்று தெரிந்தது, கையொப்பம் விழுந்தது வேறொன்றில். கருவியில் வாசிக்க விளங்காத எதற்கும் நான் பொத்தானை அமத்துவதில்லை. ஈதர் பக்கமே போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

24 சொல்லைக் கேட்கும் மின்னஞ்சல், இணையதளம், உதவிக்கு வரும் அன்பான குரல் எதுவானாலும் களவுதான், இதில் விதிவிலக்கே இல்லை. சொற்களைப் போடவேண்டிய ஒரே இடம் கருவி.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நண்பி கேட்கவில்லை என்றாலும். நம் மத்திய வங்கி 2022 ஜூலையிலும் அதற்கு முன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இது இங்கே சட்டபூர்வ நாணயம் இல்லை, இதை நடத்த ஒருவருக்கும் உரிமம் கொடுக்கவில்லை. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரைப்படி, டெபிட், கிரெடிட் கார்டால் இதற்குக் காசு கட்ட அனுமதி இல்லை. ஆகவே 'கார்டில் வாங்கித் தாறேன்' என்று வருகிறவரைத் தள்ளி வையுங்கள். ஏமாந்தால் போய் நிற்கவும் ஒரு கந்தோர் இல்லை. நான் யாரையும் வாங்கச் சொல்லி எழுதவில்லை. ஏற்கெனவே வைத்திருக்கிறவள் கேட்டாள், அவளுக்கு எழுதுகிறேன்.

மிச்சம் இருந்தது நான் இல்லாமல் போனால் என்ன என்ற கேள்வி. அதை அம்மாதான் கேட்டார், தன் வயதை விட்டுவிட்டு என் வயதைப் பற்றி. ஒரு கடிதம் எழுதி உறை ஒட்டி வைத்தேன்: இது என்ன, எங்கே கேட்கலாம், எவரிடம் கேட்கவே கூடாது. சொற்கள் அதில் இல்லை. எழுதி முடித்தபோது சந்தேகம் வந்தது, இதை வைத்துக்கொண்டு அம்மாவால் உண்மையாகவே எடுக்கமுடியுமா?

போன வருடம் அண்ணா தன் பழைய கருவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அம்மாவின் முன்னால் வைத்தேன், கடிதத்தை வைத்தேன், வொஷர் மாலையை வைத்தேன். நான் வாயே திறக்கமாட்டேன் என்று சொல்லிக் கதிரையைத் தள்ளிப் போட்டு இருந்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நட்டைக் கழற்றி, வொஷர்களை மேசையில் எண் பார்த்து ஒன்று முதல் 24 வரை சோறு படைப்பது போல வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்து, எழுத்தெழுத்தாகப் பொத்தானை அமத்தினார். எங்கேயும் தடுமாறவில்லை. நாற்பது நிமிடத்தில் எழுப்பிவிட்டார், முதல் தடவையிலேயே.

நடுவில் ஒரு வொஷரை எடுத்துப் பார்த்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். 'இதையுமோ போட்டு வச்சிருக்கிறாங்கள்!' என்றார். எந்தச் சொல் என்று மட்டும் கேட்காதீர்கள்.